பள்ளி மறுத்தால் எங்கே போவது, என்ன எழுதுவது: மதுரைப் பெற்றோருக்கு ஒரு சட்ட வழிகாட்டி

கட்டணப் பாக்கிக்காக டி.சி.யை நிறுத்தி வைக்கிறார்கள். மாற்றுத்திறன் உள்ள பிள்ளையை "வேற ஸ்கூல் பாத்துக்குங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். இலவச ஒதுக்கீட்டில் சேர்ந்த குழந்தையிடம் ரசீது போடாமல் பணம் கேட்கிறார்கள். அடிக்கிறார்கள், வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கிறார்கள். பெற்றோர் மனு எழுத உட்காரும் விஷயங்கள் சுற்றிச் சுற்றி இவைதான். ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனாலும் பல மனுக்கள் கோப்பிலேயே செத்துப்போகின்றன. பொருந்தாத பிரிவு, அதிகாரமில்லாத அலுவலகம், தேதியில்லாத காகிதம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்: இதற்கென்று தனித் தீர்ப்பாயம் நம் ஊரில் உண்டா? ஸ்காட்லாந்தில் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையையே உள்நாட்டுச் சட்டமாக்கி, 2024 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கூடுதல் ஆதரவு தேவைப்படும் குழந்தைகளின் கல்வி வழக்குகளைக் கேட்கத் தனித் தீர்ப்பாயமும் அங்கே இருக்கிறது. நம் ஊரில் பெற்றோர் போய் நிற்கக்கூடிய கல்வித் தீர்ப்பாயம் என்று ஒன்று கிடையாது. 2010-இல் வந்த கல்வித் தீர்ப்பாய மசோதா உயர்கல்விக்கானது. அதுவும் மக்களவையோடு நின்றுவிட்டது. தனியார் பள்ளிச் சட்டத்தில் வரும் தீர்ப்பாயம் ஆசிரியருக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான வழக்குகளுக்கு. ஆகவே குழந்தைக்காகப் போகிறவர்களுக்கு ஒரே கதவு இல்லை, பல கதவுகள் உண்டு. எந்தக் கதவை எப்போது தட்டுவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

எந்தச் சட்டம் உங்கள் குழந்தைக்குப் பொருந்தும்

பிரிவு எண்ணைத் தேடும் முன் இரண்டு கேள்விகள்: குழந்தைக்கு வயது என்ன, வகுப்பு என்ன? பள்ளி அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா, தனியார் சுயநிதிப் பள்ளியா, சிறுபான்மை நிறுவனமா?

கல்வி உரிமைச் சட்டம் 2009, அதாவது எல்லாரும் ஆர்.டி.இ. என்று சொல்வது, 6 முதல் 14 வயது வரை, 1 முதல் 8-ஆம் வகுப்பு வரைக்குமானது. தனியார் பள்ளிகளில் இலவசமாகச் சேர்வதற்கான 25 சதவீத இட ஒதுக்கீடு மட்டும் எல்.கே.ஜி.யிலிருந்தே தொடங்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆர்.டி.இ. பிரிவு 16-ஐ எழுதினால் அலுவலகத்தில் முதல் பார்வையிலேயே மனு விழுந்துவிடும். 9-ஆம் வகுப்புக்கு மேல் என்றால் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம், தமிழ்நாடு கல்வி விதிகள், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 18 வயது வரைக்கும் பொருந்தும் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையங்கள் சட்டம் 2005 ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும்.

சிறுபான்மை நிறுவனம் என்பது அடுத்த முட்டுக்கட்டை. மதுரையில் பழமையான, பெயர்பெற்ற பள்ளிகள் பல சிறுபான்மை நிறுவனங்கள்தான். 2014-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, பிரமதி வழக்கில், ஆர்.டி.இ. சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்த்தது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதி அமர்வு ஒன்று அந்தத் தீர்ப்பின் மேலேயே ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறது. அது மாற்றப்படாத வரை பழைய தீர்ப்புதான் சட்டம். அதனால் வழியே இல்லை என்று திரும்பிவிட வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பிரிவு 16, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகரித்த எல்லாக் கல்வி நிறுவனங்களையும் பற்றிப் பேசுகிறது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டமும் இளைஞர் நீதிச் சட்டமும் எந்த நிறுவனத்துக்கும் விலக்குத் தருவதில்லை. பள்ளியின் அங்கீகார ஆணையில் சிறுபான்மைத் தகுதி இருக்கிறதா என்பதை 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய தகவல் உரிமை மனுவில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பள்ளியின் பெயரை வைத்து ஊகிப்பது வேலைக்கு ஆகாது.

ஆர்.டி.இ. பிரிவுகளில் அடிக்கடி கை கொடுப்பவை இவை. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது பிரிவு 14. நன்கொடை வாங்கினால் வாங்கிய தொகையின் பத்து மடங்கு வரை அபராதம். குழந்தைக்கோ பெற்றோருக்கோ நுழைவுத் தேர்வு, நேர்காணல் வைத்தால் முதல் முறை 25,000, அடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம் என்பது பிரிவு 13. இந்த அபராதத்துக்கு நீங்களே நேராக மாஜிஸ்திரேட்டிடம் போய்விட முடியாது. பிரிவு 36-இன்படி உரிய அலுவலரின் முன் அனுமதி வேண்டும். ஆகவே மனுவில் "அபராதம் விதிக்க வேண்டும்" என்று எழுதுவதைவிட, "வழக்குத் தொடர அனுமதி வழங்க வேண்டும்" என்று கேட்பதுதான் சரி. உடல் தண்டனையும் மன உளைச்சலும் பிரிவு 17-இல் வருகின்றன. தொடக்கக் கல்வி முடியும்வரை பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்பது பிரிவு 16. 2019 திருத்தம் 5, 8 வகுப்புகளில் தேக்கி வைக்க அரசுகளுக்கு இடம் கொடுத்தது. நீக்குவதற்கு அப்போதும் இடம் கொடுக்கவில்லை. பள்ளிகள் இந்த இரண்டையும் சேர்த்துப் பேசிக் குழப்புவார்கள், அசர வேண்டாம்.

டி.சி. விவகாரம்

இதில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தப்பிவிடுகிறது. ஆர்.டி.இ. பிரிவு 5 தருவது அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் உரிமையை. தனியார் சுயநிதிப் பள்ளிக்கு மாறுவதை அந்தப் பிரிவு தெளிவாகவே விலக்கி வைத்திருக்கிறது. எனவே பிள்ளை தனியாரிலிருந்து அரசுப் பள்ளிக்குப் போகிறது என்றால் பிரிவு 5-ஐ முன்னால் வையுங்கள்: தலைமை ஆசிரியர் உடனடியாக டி.சி. தர வேண்டும், தாமதித்தால் அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை, டி.சி. தாமதத்தைக் காட்டி அடுத்த பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. தனியாரிலிருந்து இன்னொரு தனியாருக்கு என்றால் 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு தந்த தீர்ப்பை வையுங்கள். டி.சி. என்பது கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல, பாக்கி விவரத்தை அதில் எழுதவும் கூடாது என்றது அது. பாக்கி இருந்தால் பள்ளி பெற்றோர் மேல் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம். குழந்தையின் காகிதத்தைப் பிடித்து வைக்க முடியாது.

கையில் டி.சி. வந்தாலும், பள்ளிக்கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் பிள்ளையைப் பழைய பள்ளி விடுவிக்க வேண்டும். பொதுத் தொகுப்புக்குத் தள்ளாமல் விட்டால் புதிய பள்ளியால் பதிவில் ஏற்ற முடியாது. ஆகவே கடிதத்தில் இரண்டையும் கேளுங்கள்: மாற்றுச் சான்றிதழ், எமிஸ் விடுவிப்பு. எமிஸ் எண்ணைக் கடிதத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

மனு எழுதும் விதம்

நல்ல மனுவில் உணர்ச்சி குறைவாகவும் தேதி நிறையவும் இருக்கும். ஏ4 தாளில் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மூன்றாம் பக்கத்தைப் பிரிவு எழுத்தர் படிக்க மாட்டார், அவருக்கு அன்றைக்கு வேறு தபால்கள் இருக்கும். ஒரு கற்பனை நிலைமையை எடுத்துக்கொள்வோம். அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி, நான்காம் வகுப்பு, கற்றல் குறைபாடு உள்ள பெண் குழந்தை. அரையாண்டுத் தேர்வுக்கு முன் பள்ளியை விட்டுக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள்.

*பெறுநர்: 1. மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்), மதுரை. 2. ஆணையர், மதுரை மாநகராட்சி.*

*பொருள்: 4-ஆம் வகுப்பு மாணவி – கற்றல் குறைபாடு – பள்ளியை விட்டு நீக்க முயற்சி – கல்வி உரிமைச் சட்டம் 2009 பிரிவுகள் 16, 32, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 பிரிவுகள் 16, 17 – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.*

*பார்வை: 1. பள்ளி முதல்வருக்கு நான் அளித்த கடிதம், நாள் 12.11.2025. 2. மருத்துவச் சான்று, நாள் 03.09.2025.*

*1. 10.11.2025 அன்று காலை 9.20 மணியளவில் பள்ளி முதல்வர் தமது அறையில் என்னிடம், என் மகளை அரையாண்டுத் தேர்வு எழுத அனுமதிக்க முடியாது என்றும், வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ளும்படியும் வாய்மொழியாகத் தெரிவித்தார். வகுப்பு ஆசிரியர் உடனிருந்தார்.*

*2. காரணத்தை எழுத்தில் தருமாறு 12.11.2025 அன்று கடிதம் அளித்தேன். இன்றுவரை பதில் இல்லை.*

*3. எனவே (அ) என் மகள் தொடர்ந்து வகுப்பில் அமரவும் அரையாண்டுத் தேர்வு எழுதவும் உடனடியாக உத்தரவிடவும், (ஆ) தேர்வில் கூடுதல் நேரமும் வினாத்தாளை வாசித்துக் காட்டும் வசதியும் அளிக்கச் செய்யவும், (இ) பள்ளியின் எழுத்துப்பூர்வ பதிலின் நகலை எனக்கு அளித்து, என் தரப்பைக் கேட்ட பின் மூன்று மாதத்துக்குள் முடிவு செய்யவும் கேட்டுக்கொள்கிறேன்.*

இந்த (இ) பகுதியை விட்டுவிடாதீர்கள். புகார் வழக்கமாகப் போகும் பாதை இப்படி: கலெக்டர் அலுவலகத்திலிருந்து முதன்மைக் கல்வி அலுவலருக்கு, அங்கிருந்து மாவட்டக் கல்வி அலுவலருக்கு, அங்கிருந்து "அறிக்கை அனுப்புக" என்று அதே பள்ளிக்கு. பள்ளி இரண்டு வரி எழுதி அனுப்பும். உங்களுக்கு "பள்ளி முதல்வரிடம் விசாரிக்கப்பட்டது, புகாரில் உண்மையில்லை" என்று கடிதம் வரும், கோப்பு மூடப்படும். பிரிவு 32 இரு தரப்புக்கும் தக்க வாய்ப்புக் கொடுத்து மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்கச் சொல்கிறது. பதிலின் நகலை முன்கூட்டியே கேட்டு வைத்தால், கேட்காமல் மூடிய கோப்பை மேல்முறையீட்டில் அந்த ஒரு காரணத்தைக் காட்டியே திறக்க வைக்கலாம்.

பெறுநர் இருவர் எதற்கு என்றால், பிரிவு 32 புகாரை உள்ளாட்சி அமைப்பிடம் கொடுக்கச் சொல்கிறது. பிரிவு 2(எச்) அந்தச் சொல்லுக்குள் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சியோடு, பள்ளி மேல் நிர்வாகக் கட்டுப்பாடு உள்ள பிற அதிகாரியையும் சேர்க்கிறது. இருவருக்கும் எழுதினால் "எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்ற பதிலுக்கு வழியில்லை. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஊராட்சிகளில் அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் முதல் பெறுநர் வட்டாரக் கல்வி அலுவலர். அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும், உறுப்பினரில் முக்கால் பங்கு பெற்றோர். கழிப்பறை, குடிநீர், ஆசிரியர் இல்லாமை போன்றவற்றுக்குக் குழுவின் தீர்மான நகல் உங்கள் தனி மனுவைவிடப் பலமான காகிதம்.

அதேசமயம் பிரதமர் முதல் தாசில்தார் வரை பதினைந்து பேருக்கு நகல் போடும் பழக்கத்தை விடுங்கள். பதினைந்து இடங்களில் போட்ட மனுவும் கடைசியில் ஒரே மேசைக்குத்தான் வரும். குறிப்பாகத் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்துக்கும் மாநில ஆணையத்துக்கும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. மாநில ஆணையத்தில் நிலுவையில் உள்ளதைத் தேசிய ஆணையம் விசாரிக்கக் கூடாது என்று 2005 சட்டத்தின் பிரிவு 13(2) சொல்கிறது.

காகிதத்தைச் சேர்ப்பது

வாய்மொழி மறுப்பைக் காகிதமாக மாற்றுவதுதான் முதல் வேலை. "சார், சேர்க்க முடியாதுன்னா அதை எழுத்துல குடுங்க" என்று கேட்டால் தர மாட்டார்கள். பரவாயில்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்து, "இன்று காலை நீங்கள் என்னிடம் இப்படிச் சொன்னீர்கள், நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் மூன்று நாளில் எழுத்தில் தெரிவியுங்கள்" என்று பள்ளிக்கு ஒரு கடிதம். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் சீல், கையெழுத்து, தேதி மூன்றும் வேண்டும். வாங்க மறுத்தால் தபாலில் ஒப்புகையோடு அனுப்பி, பள்ளியின் மின்னஞ்சலுக்கும் போடுங்கள். பதில் வராததே பிறகு உங்களுக்குச் சாட்சியாக நிற்கும்.

வாட்ஸ்அப் தகவல்களை எண்ணும் தேதியும் தெரியும்படி அச்செடுங்கள், மூலத் தகவலைக் கைபேசியிலிருந்து அழிக்காதீர்கள். நீதிமன்றம்வரை போனால் 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63-படி சான்றிதழ் கேட்பார்கள். கைபேசியை மாற்றிவிட்டு நிற்பவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கட்டண ரசீதுகளை எல்லாம் ஒரு கோப்பில் வையுங்கள். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் நிர்ணயித்த தொகைக்கு மேல் எவ்வளவு வாங்கினார்கள் என்பதை ரசீதோடு ஒப்பிட்டுக் காட்டினால்தான் அங்கே மனு நிற்கும். ரசீது தராமல் வாங்கினால் வங்கிப் பரிமாற்றமாகக் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு நிரூபிப்பது பெரும்பாடு.

அலுவலகத்தில் மனு கொடுத்ததும் தபால் பிரிவில் பதிவு எண் வாங்குங்கள். பதினைந்து நாள் கழித்துப் போய் ந.க. எண், அதாவது கோப்பு எண் கேளுங்கள். அந்த எண் இருந்தால்தான் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பது தெரியும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுவுக்கும் இதே கதைதான்: எண் இல்லாமல் பின்தொடர முடியாது. ஒரு மாதமாகியும் அசைவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில், "என் மனு மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்புகளின் நகல், பள்ளியிடமிருந்து பெற்ற அறிக்கையின் நகல்" என்று இரண்டு வரி. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் கேள்வியை எளிதாகத் தட்டிக்கழிப்பார்கள், ஆவணம் கேட்கும் கேள்வியை முடியாது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

விசாரணைக்குக் கூப்பிட்டால் அழைப்பை எழுத்தில் கேளுங்கள். வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு நகல் வாங்குங்கள். பள்ளித் தரப்பு அங்கேயே சமாதானம் பேசும். பேசலாம், தவறில்லை. ஆனால் "புகாரைத் திரும்பப் பெறுகிறேன்" என்ற ஒற்றை வரிக் கடிதத்தில் மட்டும் கையெழுத்து வேண்டாம். "பள்ளி இன்ன தேதிக்குள் இன்னின்னதைச் செய்வதாக ஒப்புக்கொண்டதால்" என்று நிபந்தனையோடு எழுதி, பள்ளித் தரப்பும் அதிலே கையெழுத்திட வேண்டும்.

குழந்தையின் குரல்

ஐ.நா. உடன்படிக்கையின் 12-ஆம் உறுப்பு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. நடைமுறையில் இது எளிய வேலை, பெற்றோர்தான் கெடுத்துவிடுகிறார்கள். என்ன நடந்தது, என்ன வேண்டும் என்று குழந்தையைத் தன் கையால் எழுத விடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் படம் வரையட்டும், அதன்கீழ் அது சொன்ன சொற்களை அப்படியே எழுதித் தேதி போடுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளை "மன உளைச்சலுக்கு ஆளாக்கப்பட்டேன்" என்று எழுதினால் படிப்பவருக்கு அது யார் சொல் என்று தெரிந்துவிடும். "மிஸ் என்னைய கடைசி பெஞ்சுல தனியா உக்கார வச்சாங்க, எனக்கு அங்க போக பயமா இருக்கு" என்ற வரி போதும். விசாரணையில் பள்ளி நிர்வாகத்தின் முன்னால் குழந்தையை நிறுத்தாதீர்கள். தனியாகக் கேட்கும்படி எழுத்தில் கோருங்கள்.

பாலியல் அத்துமீறல் என்றால் இந்த மனு வழி எதுவும் வேண்டாம். நேராகக் காவல் நிலையம் அல்லது 1098. பள்ளிக்குத் தெரிந்தும் மறைத்தால் போக்சோ பிரிவு 21-இல் அதுவே குற்றம். குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் தெருவாசிகள் குழுவிலோ உள்ளூர்ச் சேனலிலோ போடாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம்தான், பெற்றோராகவே இருந்தாலும்.

மாற்றுத்திறன் உள்ள குழந்தைக்கு

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில்தான் கையில் பிடித்துக்கொள்ள நிறைய இருக்கிறது, பயன்படுத்துகிறவர்கள் குறைவு. பிரிவு 16-க்கு மாற்றுத்திறன் 40 சதவீதமா என்ற கணக்கு தேவையில்லை. பாகுபாடின்றிச் சேர்ப்பது, குழந்தைக்கேற்ற வசதிகள் செய்வது, கற்றல் குறைபாட்டை விரைவில் கண்டறிவது எல்லாம் அதில் வருகின்றன. பிரிவு 31-க்குத்தான் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்ற சான்று வேண்டும். அது 6 முதல் 18 வயது வரை, பக்கத்துப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி தருகிறது. ஆர்.டி.இ. 14 வயதில் நிற்க, இது 18 வரை போகிறது. யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து அரசு ராஜாஜி மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குக் காத்திருக்கும் காலத்திலும் பிரிவு 16-இல் மனு போடலாம். அட்டை வரட்டும் என்று ஓர் ஆண்டை வீணாக்க வேண்டியதில்லை.

"வசதி செய்து கொடுங்கள்" என்று பொதுவாக எழுதினால் "எங்களால் முடிந்ததைச் செய்கிறோம்" என்று பொதுவாகவே பதில் வரும். கேட்பதை அளந்து கேளுங்கள்: தேர்வில் கூடுதல் நேரம் இவ்வளவு, எழுத உதவியாளர் இன்னின்ன பாடத்துக்கு, வகுப்பறை தரைத்தளத்துக்கு மாற்றம், இரண்டாம் மொழி விலக்கு. பிரிவு 17 கூடுதல் நேரம், எழுத உதவியாளர், இரண்டாம் மூன்றாம் மொழி விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அளவுக்கு மீறிய சுமை என்று பள்ளி சொல்லலாம். என்ன சுமை, எவ்வளவு செலவு என்று எழுத்தில் கேளுங்கள். தரைத்தள வகுப்பறை மாற்றத்துக்குச் செலவே இல்லை.

இணங்காவிட்டால் சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு. அவருக்கு சிவில் நீதிமன்ற அதிகாரங்கள் உண்டு. அவர் பரிந்துரைத்ததை மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும், இல்லையேல் காரணத்தை உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 81. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 வரையும் அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் என்பது பிரிவு 89.

25 சதவீத ஒதுக்கீடு

சுருக்கமாக: இணையத்தில்தான் விண்ணப்பம், நலிவடைந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள், வீட்டுக்கும் பள்ளிக்கும் தூரம் 1 கிலோமீட்டருக்குள். சிக்கல் வருவது தூரத்தில்தான், வாடகை வீட்டு முகவரியும் ஆதார் முகவரியும் வேறாக இருந்தால் முன்பே திருத்திவிடுங்கள். விண்ணப்பக் காலம் வழக்கமாக ஏப்ரல், மே. சித்திரைத் திருவிழா நாட்களில் வருமானச் சான்றுக்கு அலைந்து பயனில்லை, மார்ச்சிலேயே வாங்கி வையுங்கள். 2025-இல் ஒன்றிய நிதி வரவில்லை என்று சேர்க்கையே தள்ளிப்போனது. நிதி வராததைக் காட்டி மாநில அரசு தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூனில் சொன்னது, இனி வரும் ஆண்டுகளுக்கும் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய வரி.

மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையம்

இரண்டு வழியாகப் போகலாம். கல்வி அலுவலர் முடிவெடுத்து அது உங்களுக்கு எதிராக இருந்தால் ஆர்.டி.இ. பிரிவு 32(3)-இல் மேல்முறையீடு. மூன்று மாதமாகியும் முடிவே இல்லை என்றால் மேல்முறையீடு செய்ய எதுவும் இல்லை; அப்போது ஆர்.டி.இ. பிரிவு 31-இல் நேரடிப் புகார். மனுவின் தலைப்பில் எந்த வழி என்பதைத் தெளிவாக எழுதுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம். பெயரில்லாத புகார், தெளிவில்லாத புகார், நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விவகாரம் ஆகியவற்றை எடுக்க மாட்டார்கள். ஆகவே முதலில் உயர் நீதிமன்றத்தில் ரிட் (பேராணை) மனு போட்டுவிட்டு அப்புறம் ஆணையம் என்று வரிசையை மாற்றக் கூடாது.

ஆணையம் ஆளை வரவழைக்கலாம், ஆவணம் கேட்கலாம், இடைக்கால நிவாரணத்துக்குப் பரிந்துரைக்கலாம், தானே உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். ஆனால் தருவது பரிந்துரைதான், நீதிமன்ற உத்தரவு மாதிரி கட்டிப் போடாது. அடுத்த வாரம் தேர்வு என்றால் அங்கே போய்ப் பயனில்லை.

ஒத்தக்கடைக்குப் போவது

அவசரம் என்றால் ஒத்தக்கடையில் உள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. மதுரை, திண்டுக்கல், தேனி, சிவகங்கை, விருதுநகர் என்று தென்மாவட்டங்கள் எல்லாம் இதற்குள் வருகின்றன. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம்: சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பிரிவு 12, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தருகிறது. மனுதாரர் குழந்தைதான், "இளவர் (மைனர்), தன் தாய் மூலம்" என்று போட்டால் போதும். உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு கிளை வளாகத்திலேயே இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

செயலுறுத்தும் நீதிப் பேராணை, அதாவது அதிகாரி தன் கடமையைச் செய்யச் சொல்லும் உத்தரவு, கேட்பதற்கு, முன்பே அதிகாரியிடம் கோரிக்கை வைத்து அவர் மறுத்திருக்க வேண்டும் அல்லது சும்மா இருந்திருக்க வேண்டும். அதனால்தான் மேலே சொன்ன சீல் வைத்த நகல்கள். எதிர்மனுதாரர் வரிசையில் பள்ளியை மட்டும் போடாதீர்கள். பள்ளிக்கல்வித் துறைச் செயலர், தனியார் பள்ளிகள் இயக்குநர், முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், கடைசியாகப் பள்ளித் தாளாளர்.

கோரிக்கை வாசகத்தை வழக்கறிஞரிடம் விட்டுவிடாமல் படித்துப் பாருங்கள். "எனது இன்ன தேதி மனுவைப் பரிசீலிக்க உத்தரவிட வேண்டும்" என்று மட்டும் கேட்டால் முதல் நாளிலேயே உத்தரவு கிடைத்துவிடும், மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். எட்டு வாரம் கழித்து அதிகாரி பரிசீலித்து, நிராகரித்து, கையில் கொடுப்பார். மறுபடி முதலிலிருந்து புதிய ரிட். ஆகவே முதன்மைக் கோரிக்கை "டி.சி. வழங்க உத்தரவிட வேண்டும்", "தேர்வு எழுத அனுமதிக்க வேண்டும்" என்று நேரடியாக இருக்கட்டும். கூடவே வழக்கு முடியும்வரை வகுப்பில் உட்கார இடைக்கால மனுவும் வேண்டும். மே மாதம் கோடை விடுமுறை, விடுமுறைக்கால அமர்வுதான் இருக்கும், டி.சி. பிரச்சினையை ஏப்ரலிலேயே கொண்டுபோய்விடுவது நல்லது.

ஐ.நா. உடன்படிக்கையை இந்தக் கட்டத்தில் எப்படிச் சேர்ப்பது? இந்தியா 1992 டிசம்பர் 11-இல் அதில் சேர்ந்தது. அது நேரடிச் சட்டம் அல்ல. ஆனால் உள்நாட்டுச் சட்டத்துக்கு முரண்படாத சர்வதேச உடன்படிக்கையை அடிப்படை உரிமைகளுக்குப் பொருள் காணப் பயன்படுத்தலாம் என்று விசாகா வழக்கில் 1997-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2005 ஆணையங்கள் சட்டத்தின் முகவுரையிலும் உடன்படிக்கையின் பெயர் இருக்கிறது. எனவே அதை மனுவின் முதல் பத்தியில் வைக்காமல் கடைசிப் பத்தியில், உள்நாட்டுப் பிரிவோடு கோத்து வையுங்கள்: ஆர்.டி.இ. பிரிவு 17-ஐச் சொல்லி, பள்ளி ஒழுங்கு குழந்தையின் மாண்புக்கு இசைய வேண்டும் என்ற உறுப்பு 28(2)-ஐச் சேர்ப்பது, மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பிரிவு 16-ஐச் சொல்லி உறுப்பு 23-ஐச் சேர்ப்பது, இரண்டு பொருள் வரும் இடத்தில் குழந்தையின் நலனே முதன்மை என்ற உறுப்பு 3. கட்டடப் பாதுகாப்பு வழக்கு என்றால் இன்னும் பலமான கை இருக்கிறது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-இல் 94 குழந்தைகள் தீயில் மாண்ட பிறகு வந்த அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், பாதுகாப்பான பள்ளி என்பது கல்வி உரிமைக்குள் அடங்கும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. தீயணைப்புச் சான்று, கட்டட உறுதிச் சான்று கேட்கும் மனுவில் அதை முன்னாலேயே வைக்கலாம்.

உத்தரவு வந்ததும் வேலை முடிந்ததாக நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கெடு பெரும்பாலும் உத்தரவின் நகல் கிடைத்த நாளிலிருந்துதான் ஓடும். ஆகவே சான்றிட்ட நகலுக்கு அன்றே விண்ணப்பித்து, கிடைத்ததும் ஒரு முகப்புக் கடிதத்தோடு முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்திலும் பள்ளியிலும் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் சீல் வாங்குங்கள். கெடு தாண்டினால் வழக்கறிஞர் மூலம் ஒரு நோட்டீஸ், அதற்கும் அசையாவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு மனு. அதற்குக் காலவரம்பு, அவமதிப்பு நடந்த நாளிலிருந்து ஓர் ஆண்டு.